6.5×55 குழலுக்கு எந்த எடைச் சன்னம்? அட்டையில் தெரியும் குறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

போன மாதம் ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டுக் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்தேன். நோர்வேயில் இருக்கும் அக்காவின் மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். 100 மீட்டரில் சுட்ட அட்டை, ஐந்து ஓட்டைகள். நான்கு வட்டமாக இருந்தன. ஐந்தாவது பூசணி விதை மாதிரி நீண்டு, மற்றவற்றுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கீழே ஒரு வரி: "மாமா, 156 சரிவருதில்லை. 120 வாங்கட்டே?" அவனுடைய 6.5×55 வேட்டைத் துவக்கில் போடும் சன்னத்தின், அதாவது குண்டின், எடைகள் அவை.

ஒன்றும் வாங்க வேண்டாம், அந்த ஐந்தாவது ஓட்டையைக் கிட்ட வைத்துப் படமெடுத்து அனுப்பு என்றேன். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் படம்தான். வேட்டைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் பலர் துவக்கு சரியாகச் சுடவில்லை என்றதும் முதல் வேலையாகச் சன்னத்தின் எடையை மாற்றுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எந்தச் சன்னம் பொருந்தும் என்பதை முதலில் குழல் சொல்லும், அடுத்தது மிருகம் சொல்லும். கடைக்காரர் சொல்வது அதற்கும் பிறகுதான்.

நான் எண்பதுகளின் கடைசியில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வட நோர்வேக்குப் போன ஆட்களில் ஒருவன். வேட்டைக்காரருக்கான படிப்பை அங்கே படித்து, சோதனை எழுதி, இருபது இலையுதிர் காலம் எல்க் வேட்டைக்குப் போனேன். எல்க் என்பது எங்கள் மரையை விட மிகப் பெரிய மான் இனம். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இங்கே என்னிடம் துவக்கு இல்லை, தேவையும் இல்லை. எங்கள் மானும் மரையும் இலங்கையின் 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும். கீழே எழுதும் சட்டமும் அளவுகளும் நோர்வேக்கு உரியவை.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக முதலில் சில சொற்கள். ரவை என்பது முழு உருப்படி: கோது, அதன் அடியில் தீப்பற்ற வைக்கும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும். குழலின் உட்சுவரில் கயிற்று முறுக்குப் போலச் சுற்றிச் செல்லும் வெட்டுகள்தான் புரி. சன்னத்தைப் பம்பரம் போலச் சுழல வைப்பது அதுதான். சன்னத்தின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், ஒரு கிராம் ஏறக்குறைய 15.4 கிரெயின்.

6.5×55 ரவையை நோர்வேயும் சுவீடனும் 1894இல் தங்கள் படைகளுக்கு எடுத்துக்கொண்டன. பெயரில் 6.5 என்றாலும் சன்னத்தின் விட்டம் 6.7 மில்லிமீட்டர். அந்தக் காலத்துச் சன்னம் 10.1 கிராம், அதாவது 156 கிரெயின், உருண்டை மூக்கு. குழலின் புரி அந்த நீளச் சன்னத்துக்காகவே இறுக்கமாக வெட்டப்பட்டது: 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. இன்றைய கடைத் துவக்குகளில் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் எடைகள் 120, 140, 156 கிரெயின்.

ஓட்டை வட்டமாக இல்லை, நீண்டிருக்கிறது

சன்னம் தலை முன்னே போகாமல் சரிந்து போய் அட்டையில் பட்டிருக்கிறது. உடனே "புரி போதாது, சன்னம் பாரம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 8 அங்குலப் புரியில் 156 கிரெயின் ஈயச் சன்னம் சரிவது மிக அரிது. ஆகவே சைலன்சரை முதலில் பாருங்கள். நோர்வேயில் வேட்டைத் துவக்கில் சைலன்சர் போடுவது வழக்கம், அது சற்றுத் தளர்ந்தாலும் உள்ளே இருக்கும் தட்டில் சன்னம் உரசும்.

மருமகன் அனுப்பிய கிட்டப் படத்தில் நீண்ட ஓட்டையின் ஒரு பக்க விளிம்பு கிழிந்திருந்தது, மறுபக்கம் சாம்பல் நிறக் கறை. சைலன்சரைக் கழற்றி வாய்ப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படமெடுக்கச் சொன்னேன். கறுத்த தட்டின் துளை விளிம்பில், நகக்கண் அளவுக்குப் பளிச்சென்று ஒரு செப்புக் கீறல். கழற்றும்போது அது அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததாம். நாலு வெடிக்குத் தாக்குப்பிடித்து, சூட்டிலும் அதிர்விலும் இளகி, ஐந்தாவதைத் தொட்டிருக்கிறது. 156இன் மேல் பிழையே இல்லை. கீறல் விழுந்த சைலன்சரைத் துவக்குத் திருத்துநரிடம் காட்டும் வரை பூட்டக் கூடாது.

சைலன்சர் இல்லாமலும் ஓட்டை நீண்டால் குழல் வாயின் விளிம்பைப் பாருங்கள். காதுக்குள் விடும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெல்லச் சுற்றி இழுத்தால், சின்ன முறிவு இருந்தாலும் பஞ்சு நூல் அதில் சிக்கும். துவக்கு வெறுமையாக, போல்ட்டு (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கழற்றிய நிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதுவும் சரியென்றால் அப்புறம் புரியை அளக்கலாம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்தே பார்க்க வேண்டும், பழைய துவக்குக்குக் குழல் மாற்றியிருப்பார்கள். கைப்பிடி தன்னாலே சுழலும் துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, குழலுக்குள் கொஞ்சத் தூரம் தள்ளுங்கள். கம்பியின் மேல் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி. குழல் வாய் ஓரத்தில், கம்பியின் மேல் ஒரு ஒட்டுநாடா. மெதுவாகத் தள்ளத் தள்ளக் கம்பி சுழலும். புள்ளி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்போது அதே வாய் ஓரத்தில் இன்னொரு ஒட்டுநாடா. இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் உங்கள் புரி. மூன்று தரம் அளந்து பாருங்கள். கம்பி வழுக்கினால் சுற்று முடியத் தேவைக்கு மேல் தூரம் போகும், ஆகவே மூன்றும் ஒத்துவரவில்லையென்றால் துணியை இன்னும் இறுக்கி மறுபடி தொடங்குங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். புரிக்குச் சன்னத்தின் எடை தெரியாது, நீளம்தான் தெரியும். பாரமான சன்னம் பெரும்பாலும் நீளம் என்பதால் எடையை வைத்துப் பேசுகிறோம், அவ்வளவுதான். முழுச் செப்புச் சன்னம் வந்தபின் அந்தக் கணக்கு குலைந்துவிட்டது. ஈயத்தை விடச் செப்பு இலேசு. அதனால் ஒரே எடையில் செப்புச் சன்னம் நீளமாக இருக்கும். கூர்மூக்குச் செப்பு 140, உருண்டை மூக்கு ஈய 156ஐ விட நீண்டிருக்கும். வேர்ணியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்.

பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் படிப்பித்த கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயர் 1879இல் ஒரு எளிய சூத்திரம் தந்தார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுத்தால் தேவையான புரி வரும். திருப்பியும் போடலாம். எங்கள் 6.7 மில்லிமீட்டருக்கு: புரி 200 மில்லிமீட்டர் என்றால் 33.7 மில்லிமீட்டர் நீளம் வரை தாங்கும். 9 அங்குலப் புரி என்றால் 29.5, 10 அங்குலம் என்றால் 26.5 மட்டுமே. இது ஈயக் கருச் சன்னத்துக்கு. முழுச் செப்புக்கு இதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்ல இந்தச் சூத்திரம் போதாது, ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு தரம் போட்டுப் பார்க்க நல்லது.

குளிரையும் மறக்க வேண்டாம். 20 பாகை வெயிலில் இருக்கும் காற்றை விட, சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். அடர்ந்த காற்றில் சன்னம் நிமிர்ந்து நிற்பது கடினம். ஆடியில் வட்டமாகத் துளைத்த நீளச் சன்னம் தையில் சரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விளிம்பில் நிற்கும் நீளத்தை வாங்காதீர்கள்.

ஓட்டைகள் வட்டம்தான், ஆனால் கை அகலத்துக்குச் சிதறுகின்றன

முதலில் திருகாணிகளைப் பாருங்கள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பிடிக்கும் வளையங்கள், அடித்தளம், கட்டையோடு துவக்கைப் பூட்டும் இரண்டு பெரிய ஆணிகள். நான் பார்த்த "கெட்ட குழல்"களில் பாதிக்கு மேல் இளகிய ஆணிகள்தான். அதற்கும் பிறகு குழலின் உட்பக்கம். வேறு கம்பனிச் சன்னத்திலிருந்து முழுச் செப்புக்கு மாறும்போது பழைய படிவை முழுதாகக் கழுவி எடுக்காவிட்டால் புதியது ஒழுங்காகச் சுடாது. செப்புக் கரைக்கும் திரவம் தோய்த்த துணி நீல நிறமாக வருவது நிற்கும் வரை துடையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் சிதறினால்தான் எடையை மாற்ற வேண்டும். அப்போதும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே கம்பனியின் 140, பிறகு 156, ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி. மூன்று வெடிகள் தற்செயலாக ஒட்டி விழும், அதை வைத்து ஒரு பெட்டியை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு அட்டையிலும் திகதி, வெப்பநிலை, பெட்டியின் தொகுதி இலக்கம் எழுதிவைப்பது என் பழக்கம். ஒரே பெயர், ஒரே எடை, வேறு தொகுதி, ஓட்டைகள் விழும் கூட்டமும் வேறு என்று இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு ஒன்றாக, பிறகு மேலே மேலே ஏறுகிறது

இதற்குச் சன்னத்தோடு சம்பந்தமில்லை. மெல்லிய குழல் சூடேறி வளைகிறது, அல்லது கட்டையில் எங்கோ தொடுகிறது. ஒரு கடதாசித் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே விட்டு இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் கடைசி வரை போக வேண்டும். மாரி காலத்தில் எங்கள் வீட்டுக் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்குகிறதல்லவா, செப்டெம்பர் மழையில் மரக்கட்டையும் அப்படித்தான் ஊதும். கோடையில் சரிபார்த்த துவக்கை வேட்டை வாரத்தில் திரும்பப் பாருங்கள். குழலே காரணம் என்றால் வெடிக்கு வெடி இரண்டு நிமிடம் விடுங்கள். காட்டில் வேலை செய்வது குளிர்ந்த குழலின் முதல் வெடிதான்.

அந்த முதல் வெடி மட்டும் தள்ளிப் போனால் குழலுக்குள் எண்ணெய் இருக்கிறது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போங்கள்.

எடையை மாற்றினேன், கூட்டம் வேறு இடத்தில் விழுகிறது

இது பிழையே இல்லை. 140இலிருந்து 156க்குப் போனால் கீழே மட்டுமல்ல, இடமும் வலமும் நகரலாம். ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்யாமல் காட்டுக்குப் போவதுதான் பிழை. பையில் இரண்டு எடை ரவைகளைக் கலந்து வைத்திருப்பதும் அப்படியே.

பெட்டியில் எழுதிய வேகம் என் குழலில் வரவில்லை

வராது. பெட்டியில் இருப்பது நீளமான பரிசோதனைக் குழலில் அளந்த வேகம். உங்கள் குழலில் ஒவ்வொரு அங்குலம் குறையவும் செக்கனுக்கு 5 முதல் 10 மீட்டர் வரை போய்விடும். சைலன்சர் போட்டாலும் கையில் அடங்க வேண்டும் என்று எல்லாரும் இப்போது 51 சென்டிமீட்டர் குழல் கேட்கிறார்கள். 60இலிருந்து 51க்கு இறங்கினால் மூன்றரை அங்குலம். அதில் 18இலிருந்து 35 மீட்டர் வரை வேகம் போகும்.

அட்டைக்கு இது பொருட்டில்லை. எல்க்குக்கும் செம்மானுக்கும் பொருட்டு. நான் பழகிய நோர்வே விதி இது: சன்னம் 9 கிராமிலிருந்து 10 கிராமுக்குள் இருந்தால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். 9 கிராமுக்குக் கீழே இடமில்லை. (ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த ஆண்டு விதியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரவை வாங்க வேண்டும்.) இந்த விதியை 6.5×55க்குப் பொருத்திப் பாருங்கள்.

140 கிரெயின் என்பது 9.07 கிராம். 2700 ஜூல் வர, 100 மீட்டரில் அது செக்கனுக்கு 772 மீட்டர் வேகத்தோடு இருக்க வேண்டும். 100 மீட்டர் போவதற்குள் 50 முதல் 80 மீட்டர் வேகம் காற்றோடு போய்விடும். அப்படியென்றால் வாயை விட்டு வெளிவரும்போது 830க்குக் கிட்ட வேண்டும். நீளக் குழலிலேயே கடை ரவைக்கு இது சிரமம், 51இல் மறந்துவிடலாம். 156 கிரெயின் 10.1 கிராம். 2200 ஜூலுக்கு 100 மீட்டரில் 660 மீட்டர் வேகம் போதும், வாயில் 740. குட்டைக் குழலிலும் இது நடக்கக்கூடிய காரியம்.

120 கிரெயின் 7.8 கிராம்தான். எல்க்குக்குச் சட்டப்படியே ஆகாது. மருமகன் 120 வாங்கியிருந்தால் காசும் போய், வேட்டைக்கும் உதவாமல் போயிருக்கும். ரோ மான் என்ற சின்ன மானுக்கு 980 ஜூல் போதும், அதற்கு 120 நன்றாகப் பொருந்தும்.

ஆகவே 51 சென்டிமீட்டர் குழல், எல்க் வேட்டை, 6.5×55 என்றால் என் விடை ஒன்றுதான்: 156. வேகத்தை ஒரு தரமாவது உங்கள் குழலிலேயே அளந்துவிடுங்கள். சுடுமிடங்களில் வேகமானி வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார், கேட்டால் தருவார்.

பழைய துவக்கு, இலேசான சன்னம் மட்டும் சிதறுகிறது

பழைய மவுசர் துவக்கில், கோது முடிந்து புரி தொடங்கும் இடம் வரை நீண்ட வெற்றிடம் இருக்கும். 156 உருண்டை மூக்குக்காக விட்ட இடம் அது. குட்டையான 120 அங்கே புரியைத் தொடுமுன்னே வெறுமையில் பாய்ந்து, சற்றுச் சரிந்து நுழைகிறது. 140க்கோ 156க்கோ போனால் பெரும்பாலும் தீரும். நோர்வேயின் பழைய கிராக் துவக்குக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் போல்ட்டில் முன்பக்கம் ஒரே ஒரு பூட்டுப் பல்தான். புதிய துவக்குகளுக்கென்று கூடிய அழுத்தத்தில் செய்த ரவைகளை அதில் போட வேண்டாம்.

சரியாகப் பட்டது, மிருகம் ஓடிவிட்டது

எனக்கு மனம் கனக்கும் இடம் இது. என் மூன்றாவது பருவத்தில், இலேசான வேகமான சன்னத்தால் நாற்பது மீட்டரில் ஒரு எல்க் கன்றின் தோளில் சுட்டேன். தோள் எலும்பில் சன்னம் பொடிந்துபோனது, உள்ளே போகவில்லை. நாயோடு மூன்று மணி நேரம் தேடித்தான் அதன் வேதனையை முடிக்க முடிந்தது. எல்க், செம்மான், ரோ மான் வேட்டைக்குப் போகும்போது பழக்கிய தேடும் நாய் ஒன்று கிடைக்க வழிசெய்திருக்க வேண்டும் என்று நோர்வேச் சட்டம் சொல்வது எதற்காக என்று அன்று விளங்கியது.

உரிக்கும்போது காயத்தைப் படியுங்கள். நுழைந்த இடத்தைச் சுற்றி இறைச்சி கறுத்து, கூழாகி, உள்ளே ஈயத் துகள்கள் சிதறிக் கிடந்தால் சன்னம் சீக்கிரம் உடைந்திருக்கிறது. கிட்டத் தூரத்துக்கு இலேசு, வேகம் கூடிவிட்டது. பாரமான, செப்புத் தோலும் ஈயக் கருவும் ஒன்றோடொன்று ஒட்டிய சன்னத்துக்குப் போங்கள். அதற்கு மாறாக, நுழைந்த ஓட்டையும் வெளியே போன ஓட்டையும் பென்சில் பருமனில், உள்ளே இரத்தம் குறைவாக இருந்தால் சன்னம் விரியவில்லை. குட்டைக் குழலில் கடினமான செப்புச் சன்னம் போட்டுத் தூரத்தில் சுட்டால் இது நடக்கும். எந்த வேகத்துக்குக் கீழே விரியாது என்று செய்பவர்களே குறிப்பிடுவார்கள். உங்கள் குழலில் அளந்த வேகத்தோடு அதை ஒப்பிட்டு, எத்தனை மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

போல்ட்டு இறுகுகிறது, கோது ஒட்டுகிறது, கேப்பு தட்டையாகிறது

சுடுவதை நிறுத்துங்கள். எடை, புரி எல்லாம் பிறகு. மிஞ்சிய ரவைகளையும் வெற்றுக் கோதுகளையும் எடுத்துக்கொண்டு துவக்குத் திருத்துநரிடம் போங்கள்.

புதிதாகக் குழல் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது: 8 அங்குலப் புரி, 55 சென்டிமீட்டர் நீளம், மிக மெல்லியதும் வேண்டாம் மிகத் தடித்ததும் வேண்டாம். அடர் காட்டுக்குள் நாயோடு நடப்பவருக்கு 51 வசதிதான், ஆனால் அப்போது 140ஐ எல்க்குக்குக் கைவிட்டுவிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இலையுதிர் காலத்தில் இரண்டு மானுக்கும் ஒரே ரவையோடு போக விரும்புபவர் 156ஐயே ரோ மானுக்கும் வைத்துக்கொள்ளலாம். மெதுவாகப் போவதால் இறைச்சியும் அதிகம் கெடாது.

மருமகன் சைலன்சரைத் திருத்தக் கொடுத்துவிட்டு, அது இல்லாமலே ஆண்டுச் சுடும் சோதனைக்குப் போனான். 100 மீட்டர், மான் உருவம், 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்தும் விழ வேண்டும். பழைய பெட்டி 156தான் கொண்டுபோனான். அன்றிரவு வந்த படத்தில் ஐந்து ஓட்டைகளும் வட்டமாக, ஒரு தேநீர்த் தட்டால் மூடிவிடக்கூடிய அளவுக்குள் இருந்தன. "மாமா, இனி வேகத்தை அளக்கட்டே?" என்று கேட்டிருந்தான். அள, ஆனால் குளிர் விழுந்தபிறகு இன்னொரு தரமும் அள என்று எழுதினேன்.